நான்கு அங்குலமும் பத்து அடியும்

ஒரு தாய் வயிற்றிற் பிறந்த பிள்ளைகளாயினும் இருவர் ஒரே குணம் உடையவராய் இருப்பதில்லை. மூத்தவன் பொறுமைசாலியாயின் இளையவன் துடுக்கனாய் இருப்பான். மனிதரிடத்து மாத்திரமன்று, மனிதர் செய்த பொருள்களிடத்தும் இவ்வேற்றுமையைக் காணலாம். இங்கிலாந்திலே ஒரே மனிதரின் சிந்தையில் உதித்த இரு சிறு மோட்டார் வண்டிகளைப் பற்றியே ஈண்டு கூறப்போகிறேன். மூத்தது 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர். இளையது 1959ஆம் ஆண்டில் வெளிவந்த மினி. இரண்டையும் ஆக்கியவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர்.

இவ்விரு வண்டிகளையும் பற்றி எங்கள் குடும்பத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கு நடந்துவந்தது. மைனருக்காக வாதாடுபவன் நான். மினிக்காக வாதாடுபவன் என் தம்பி. எங்கள் ஐயா 1958ஆம் ஆண்டில் வாங்கிய மொறிஸ் மைனர் இன்றும் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ்க் கொட்டிலில் நிற்கிறது. தம்பியோ படிப்பதற்காக இங்கிலாந்து சென்று, அங்கு முதற் சம்பளத்தில் ஒரு பழைய மினியை வாங்கியவன். “மினி ஒரு மேதையின் படைப்பு, அண்ணா! உங்கள் மைனர் ஒரு நல்ல மனிதரின் படைப்பு, அவ்வளவுதான்” என்று ஒருமுறை கடிதம் எழுதினான். “நல்ல மனிதர்தாம் வீட்டுக்கு வேண்டும், தம்பி” என்று பதில் எழுதினேன்.

சென்ற கோடையில் அவனிடம் போயிருந்தபோது இவ்வழக்கு விளையாட்டாக இருக்கவில்லை. ஐயா காலமாகிவிட்டார். எனக்கும் வயதாகிறது. பழைய வண்டிகளைச் சேகரிக்கும் கொழும்பு நண்பர் ஒருவர் மைனரை நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். விற்றுவிடுவதே புத்தி என்பது தம்பியின் கட்சி. “இரண்டும் பிறந்த இடங்களைப் பார்த்துவிட்டு வருவோம். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்” என்றான். இவ்வாறு தொடங்கியதே எங்கள் ஒருநாட் பயணம்.

சைக்கிட் கடையும் கௌலியும்

காலையில் ஒக்ஸ்போட் நகரை அடைந்தோம். கல்லூரிக் கோபுரங்களைக் காண வருவோர் நிறைந்த அந்நகரில், லோங்வோல் வீதி என்னும் சிறு தெருவுக்கு என்னைத் தம்பி அழைத்துச் சென்றான். அங்கே ஒரு பழைய கராச்சின் செங்கல் முகப்பு இன்றும் நிற்கிறது. 1877ஆம் ஆண்டிற் பிறந்த வில்லியம் மொறிஸ், பதினாறு வயதளவில் நான்கு பவுண் முதலோடு சைக்கிள் திருத்தத் தொடங்கியவர். பின்னர் அவர் மோட்டார் வண்டித் தொழிலுக்கு மாறியபோது அவருக்கு இருப்பிடமாயிருந்தது இந்தக் கராச்சு. 1913ஆம் ஆண்டில் நகரின் கிழக்கே கௌலியில் தொழிற்சாலை அமைத்து, மொறிஸ் ஒக்ஸ்போட் என்னும் வண்டியை வெளியிட்டார். காலப்போக்கில் நஃபீல்ட் பிரபு என்னும் பட்டம் பெற்று, ஈட்டிய பெருஞ்செல்வத்தைக் கல்விக்கும் வைத்தியத்துக்கும் வாரி வழங்கினார்.

மோட்லின் பாலத்தைக் கடந்து கௌலிக்குச் சென்றோம். பழைய தொழிற்சாலையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அலுவலகக் கட்டடங்கள் எழுந்துள்ளன. எஞ்சிய பகுதியில் ஜெர்மன் நிறுவனமான பி.எம்.டபிள்யூ. 2001ஆம் ஆண்டு முதல் மினி என்னும் பெயரிலேயே ஒரு புதிய வண்டியைச் செய்துவருகிறது. “பார்த்தீர்களா, மைனர் பிறந்த வீட்டிலும் மினியின் பெயர்தான் நிலைத்திருக்கிறது!” என்று தம்பி சிரித்தான். முதற் புள்ளி அவனுக்கு.

ஆயினும் மைனரின் பிறப்பு இந்த மண்ணில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மற்றவர்கள் படைக்கு வேண்டிய தளவாடங்களைச் செய்துகொண்டிருக்கையில், போருக்குப் பிந்திய மக்களுக்கென ஒரு சிறு வண்டியை இசிகோனிஸ் வரையத் தொடங்கினார். அதற்கு இடப்பட்ட மறைபெயர் ‘மொஸ்கிற்றோ’, அதாவது நுளம்பு. நஃபீல்ட் பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை. நீரில் அவித்த முட்டை போலிருக்கிறதென்று அவர் இகழ்ந்தாராம். இசிகோனிஸ் விரும்பிய அகலமான புதிய இயந்திரமும் செலவு கருதி மறுக்கப்பட்டது. அதற்காக அகன்று அமைந்த இடத்தில், பழைய 918 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தையே வைக்கவேண்டியதாயிற்று.

எல்லாம் முடியுந் தறுவாயில் ஒருநாள், வண்டி அகலம் போதாது ஒடுங்கித் தோன்றுகிறதென இசிகோனிஸ் உணர்ந்தார். மாதிரி வண்டியை முன்னிருந்து பின்வரை நடுவே இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் மெல்ல மெல்ல அகற்றிவைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது கண்ணுக்கு நிறைவாயிற்று. அந்த நான்கு அங்குலத்தையும் சேர்த்தே மைனர் உருவாயிற்று. முன்னரே செய்யப்பட்டுவிட்ட மோதுதாங்கிகளையும் நடுவில் வெட்டி ஒட்டுப்போட நேர்ந்தது. ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டுச் செய்ததைத் தன் கையாலேயே அறுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஸ்மேர்னாவிலிருந்து வந்த இளைஞன்

கௌலியை விட்டு வடக்கே எம்-40 பெருவீதியில் ஏறினோம். இருபுறமும் கோதுமை வயல்கள் மஞ்சளோடிக் கிடந்தன. வழியில் தம்பி இசிகோனிஸின் கதையைச் சொன்னான். அதில் ஒரு பகுதியை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அவர் 1906ஆம் ஆண்டில், இன்று இஸ்மிர் எனப்படும் துருக்கியின் ஸ்மேர்னாத் துறைமுகத்திற் பிறந்தவர். தந்தை கிரேக்க வமிசத்தவர். பிரித்தானியக் குடியுரிமை உடையவர். தாய் ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தினள். 1922ஆம் ஆண்டில் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் இடையே நடந்த போர் ஸ்மேர்னாவை எட்டியபோது, வீட்டையும் தொழிலையும் கைவிட்டுப் பிரித்தானியக் கப்பலில் அக்குடும்பம் மோல்ற்றாத் தீவுக்குச் சென்றது. அங்கே தந்தை இறந்தார். தாயும் மகனும் தனித்து இங்கிலாந்தை அடைந்தார்கள். இலண்டன் பட்டசீத் தொழிற்கல்லூரியில் கணித பாடத்தில் மூன்று முறை தவறிய இளைஞனே பின்னாளில் உலகறிந்த பொறியியலாளர் ஆனான்.

இதைக் கேட்டதும் சிறிது நேரம் எனக்குப் பேச்சு எழவில்லை. வீட்டுத் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு இரவோடிரவாகப் புறப்பட்ட நாள் எங்களுக்கும் உண்டல்லவா?

அருங்காட்சியகத்தில் இரு சகோதரர்

வோரிக்ஷயர் மாவட்டத்திலே கெய்டன் என்னும் ஊரில் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் உள்ளது. 1993ஆம் ஆண்டில் வேறொரு பெயருடன் திறக்கப்பட்டது. என்.டபிள்யூ.எல். 576 என்ற இலக்கமுடைய முதலாவது மைனரும், 621 ஏ.ஓ.கே. என்ற இலக்கமுடைய மினியும் அங்கே பேணப்படுகின்றன.

முதல் மைனரைக் கண்டதும், முன்னர் அறிந்த ஒருவரின் சிறுவயதுப் படத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. எங்கள் வண்டியில் விளக்குகள் இரு தோள்களிலும் உயர்ந்து நிற்கும். முதல் மைனரிலோ அவை கீழே முகத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. ஆனால், பொனெட்டின் நடுவே நெடுக ஓடும் தட்டையான பட்டை அதே பட்டைதான். அதுவே அந்த நான்கு அங்குலம்! சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பட்டையைத் துடைத்து மினுக்கியவன் நான். ஒரு மனிதர் தம் பிழையைத் திருத்திக்கொண்ட தழும்பு அதுவென்று அன்று யார் எனக்குச் சொன்னார்கள்?

தம்பி தன் மினியின் முன்னே போய் நின்றான். அறுபது வயதைக் கடந்தவனின் முகத்தில் இருபது வயதின் ஒளி தெரிந்தது. அவன் வாதத்தை நேர்மையாகவே எழுதுகிறேன்.

1956ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் நெருக்கடியினால் இங்கிலாந்திற் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த குமிழி வடிவான குட்டி வண்டிகள் தெருவை நிறைத்தன. அப்போது ஒஸ்டின், மொறிஸ் நிறுவனங்கள் இணைந்த பி.எம்.சி.யின் தலைவராயிருந்தவர் லெனாட் லோட். அவர் 1957ஆம் ஆண்டில் இசிகோனிஸை அழைத்து, அக்குமிழிகளைத் துரத்தத்தக்க உண்மையான ஒரு சிறு வண்டியைச் செய்யுமாறு பணித்தார். இயந்திரம் மட்டும் கையிருப்பில் உள்ளதாக இருக்கவேண்டுமென்பது அவர் விதித்த கட்டுப்பாடு.

இசிகோனிஸ் தமக்குத் தாமே விதித்த கட்டுப்பாடு, வண்டி பத்து அடி நீளத்துக்குள் அடங்கவேண்டுமென்பது. மைனரின் நீளம் பன்னிரண்டு அடிக்கு மேல். பத்து அடிக்குள் நால்வரையும் அவர்தம் பெட்டிகளையும் எவ்வாறு அடக்குவது? நெடுக்காக நின்ற இயந்திரத்தைக் குறுக்காகக் கிடத்தினார். கியர்ப் பெட்டியை அதன் கீழே, அதே எண்ணெயிற் குளிக்கும்படி வைத்தார். முன்சில்லுகளே வண்டியை இழுக்கச் செய்தார். மைனரின் 14 அங்குலச் சில்லுக்குப் பதிலாக 10 அங்குலச் சில்லைப் பூட்டினார். இரும்பு வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்ரன் ஆக்கிய றப்பர்க் கூம்புகளைத் தாங்கியாக வைத்தார். கதவுக் கண்ணாடிகளை இறக்காமல் நகர்த்தும்படி அமைத்து, கதவின் உட்குழிவைப் பொருள் வைக்கும் பை ஆக்கினார். இவ்வாறு வண்டியின் தரைப்பரப்பில் பத்தில் எட்டுப் பங்கு மனிதருக்கும் அவர்தம் பொருளுக்கும் கிடைத்தது.

“இதற்கு முன்னர் இப்படி ஒருவர் சிந்தித்ததுண்டா, அண்ணா? பெரிய வண்டிகளையெல்லாம் வென்று 1964, 1965, 1967ஆம் ஆண்டுகளில் மொன்ரி கார்லோப் பந்தயத்தில் முதலாவதாக வந்ததும் இந்தக் குட்டிதான். இன்று உலகத்திற் பெரும்பாலான சிறிய கார்களைத் திறந்து பாருங்கள். இயந்திரம் குறுக்கேதான் கிடக்கும், முன்சில்லுதான் இழுக்கும். உங்கள் மைனரைப் பார்த்து உலகம் என்ன கற்றது?”

நான் மறுக்கவில்லை. மறுத்தால் அது நேர்மையாகாது. மைனருக்கும் குறைகள் இருந்தன. முதல் வண்டி மணிக்கு அறுபது மைல் அளவில் ஓடவே மூச்சு வாங்கும். மினியோ எழுபதைத் தாண்டும். மைனரின் முன்சில்லைத் தாங்கும் திருகுமூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிட்டால், அது தேய்ந்து ஒருநாள் சில்லே மடிந்து விழும்.

இன்னுமோர் உண்மையையும் அங்கே உணர்ந்தேன். 1952ஆம் ஆண்டில் மைனருக்கும் ஒஸ்டின் வழிவந்த ஏ-வரிசை இயந்திரம் பொருத்தப்பட்டது. மினிக்கும் அதே வரிசைதான். எங்கள் வீட்டு மைனரில் 948 கன சென்ரிமீற்றர்; முதல் மினியில் 848. நாற்பது ஆண்டுகளாகச் சண்டையிட்ட இருவருக்கும் இதயம் ஒன்றே!

ஒரு பட்டியின் கதை

அருங்காட்சியகத்துத் தேநீர்ச்சாலையில் அமர்ந்தபோது என் வாதத்தைச் சொன்னேன். அது தம்பிக்குப் பாதி தெரிந்த கதை. மீதியை அதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. புதிய வண்டிகள் தூங்கின. பழைய மொறிசும் ஒஸ்டினும் விழித்துக்கொண்டன. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் புகையும் மணமும் அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் எவருக்கும் மறவா.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி மாலை, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது நாங்களும் புறப்பட்டோம். நடக்கமாட்டாத ஐயாவும் அம்மாவும் மைனரின் பின்னிருக்கையில் இருந்தார்கள். செம்மணி வெளியில் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஓர் அடி நகர்ந்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். மழையும் தூறத் தொடங்கியது. நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால், இயந்திரத்தை ஆற்றும் விசிறியைச் சுழற்றும் பட்டி அறுந்தது. பான் பெல்ட் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பட்டி வெகு நாட்களாகவே நைந்துபோய் இருந்தது. மாற்றுவதற்கு வேறொன்று ஊரில் இல்லை. இனி வண்டியை ஓரத்தில் தள்ளிவிட்டு இரு முதியோரையும் தூக்கிச் செல்வதன்றி வேறு வழி தெரியவில்லை.

அப்பொழுது மனைவியையும் இரு குழந்தைகளையும் சைக்கிளில் ஏற்றி உருட்டிவந்த ஒருவர் நின்றார். “பொனெட்டைத் திறவுங்கோ மாஸ்டர்” என்றார். மடியிலிருந்து ஒரு சாவிக்குறடை எடுத்தார். டைனமோவைத் தாங்கும் ஆணியைத் தளர்த்தினார். “பலமான சீலைத்துண்டு ஒன்று வேணும்” என்றார். அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் தம் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கொடுத்தார். அவர் அதை நனைத்து முறுக்கிக் கயிறாக்கி, உருளைகளைச் சுற்றி முடிந்து, டைனமோவை இழுத்து இறுக்கினார். கால்மணி நேரம் சென்றிராது. வண்டி உறுமியது. பெயரைக் கேட்பதற்குள் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட்டத்தில் மறைந்துவிட்டார். இடையிடையே நிறுத்தி முடிச்சை இறுக்கியவண்ணம் விடியுமுன் சாவகச்சேரி போய்ச் சேர்ந்தோம். ஐயா அதன்பின் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார்.

“இருட்டிலும் மழையிலும் அந்த மனிதரின் கை வேலைசெய்ய மைனருக்குள் இடம் இருந்தது. கௌலியில் ஓர் இயந்திரத்துக்கென அகலவிட்டு, அந்த இயந்திரம் வராததால் மிஞ்சிய இடம் அது. அந்த இடத்தினால்தான் அன்று நாம் பிழைத்தோம், தம்பி” என்றேன்.

தம்பி நெடுநேரம் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு தணிந்த குரலில், “மினியில் றேடியேற்றர் ஒரு பக்கத்துச் சில்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். விசிறியின் ஒவ்வோர் இதழாகத் தாண்டித்தான் பட்டியை உள்ளே செலுத்தவேண்டும். பகல் வெளிச்சத்திலேயே விரல் தேயும்” என்றான்.

அச்சகம் இருந்த மண்ணில்

பிற்பகலில் பேர்மிங்ஹாம் நகரின் தென்மேற்கே லோங்பிரிட்ஜை அடைந்தோம். பாழடைந்த ஓர் அச்சகத்தை வாங்கி, 1905ஆம் ஆண்டில் ஹேபேட் ஒஸ்டின் தொழில் தொடங்கிய இடம் இது. அது வளர்ந்து ஒரு பட்டினம்போல் ஆயிற்று. மினியை வரைந்ததும் பெருந்தொகையாகச் செய்ததும் இங்கேதான். இன்றோ அங்கே கடைகள், ஒரு கல்லூரி, ஒஸ்டின் பெயர் தாங்கிய ஒரு பூங்கா. பழைய மினியின் கடைசி வண்டி 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் தேதி இங்கிருந்து வெளியேறியது. அதுவரை செய்யப்பட்டவை 53 இலட்சத்துக்கு மேல். மைனர் 16 இலட்சத்தளவு. 2005ஆம் ஆண்டு ஏப்ரிலில் அந்நிறுவனம் முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

அவ்வளவு மினிகளை விற்ற நிறுவனம் ஏன் முறிந்தது? முதல் மினியின் விலை, வரியோடு 496 பவுண். போட்டியாளரான போட் நிறுவனத்தார் ஒன்றை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றிக் கணக்கிட்டு, இந்த விலைக்கு விற்றால் நட்டமே மிஞ்சுமென்று கண்டார்கள். முதல் வண்டிகளில் தரைத்தகடுகள் பொருந்திய விதத்தால் மழைநீர் உள்ளே புகுந்தது. முன்முகத்தை அடுத்திருந்த மின்பகிர்வுப் பகுதி மழையில் நனைந்து இயந்திரம் நின்றது. இவற்றைப் பின்னரே திருத்தினார்கள். ஆயினும் மினியினால் மாத்திரம் நிறுவனம் அழிந்ததென்பது அநீதியாகும். ஓயாத தொழிற்பிணக்குகளும், மாறிமாறி வந்த இணைப்புகளும், விலைபோகாத வேறு வண்டிகளும் அதற்குக் காரணமாயின.

அந்தப் பூங்காவில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றிற்று. மைனரைச் செய்த காலத்தில் இசிகோனிஸுக்கு மறுப்புச் சொல்லுவோர் பலர் இருந்தனர். அவர்தாமே தம்மை மறுத்து வண்டியை அறுத்தார். மினியைச் செய்த காலத்தில் அவர் புகழ்பெற்றவர். லெனாட் லோட் மாதிரி வண்டியைச் சில நிமிடங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதையே செய்யும்படி உத்தரவிட்டார் என்பர். மறுப்பு இல்லாத இடத்தில் மேதைமை உச்சத்தை எட்டியது. ஆனால் பிறர் கை நுழைய இடமில்லாது போயிற்று. உலகத்துக்குக் கற்பித்தது மினி. எங்களைக் காப்பாற்றியது மைனர். ஒரே மனிதர் இரண்டையும் செய்தாரென்பதே வியப்பு. மாணவர்களாயுள்ள வாசகர்கள் பத்து அடிக்குள் உலகை அடக்கும் துணிவைப் பழகட்டும். நான்கு அங்குலம் விட்டுக்கொடுக்கும் மனத்தையும் பழகட்டும்.

இன்னுமொரு செய்தியைத் தம்பி அன்று மாலை சொன்னான். 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் இலங்கையிலேயே செய்து அனுப்பப்பட்டனவாம். பிள்ளையைப் பெற்ற நாடு அதற்கு மருந்து கேட்டு நம் நாட்டுக்கு வந்தது!

நான் ஊர் திரும்பும் நாளில், விமான நிலையத்திற் பிரியும்போது தம்பி என் கையில் ஒரு சிறு பொதியைத் தந்தான். “வீட்டிற்போய் அவிழுங்கள்” என்றான். மைனரை விற்பது பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணம் வந்து அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே மைனருக்கு ஏற்ற புதிய விசிறிப் பட்டி ஒன்று இருந்தது. கொழும்பு நண்பருக்கு, வண்டி விற்பனைக்கு இல்லையென்று அன்றே எழுதினேன். மாலையிற் பேரன் விளக்குப் பிடிக்க, பொனெட்டைத் திறந்து அப்பட்டியை நானே மாட்டினேன். கை தாராளமாக நுழைந்தது.